நடுவில் ஒரு மைல்

கப்பல் பாதையை மாற்றிவிட்டார்கள் என்ற செய்தி ஒரு திங்கட்கிழமை, மீன் ஏலம் முடிந்து கூடத்தைக் கழுவி விட்டுக்கொண்டிருந்த நேரத்தில், ஒற்றைக் காகிதமாக வந்து சேர்ந்தது. மீனவர் சங்கக் கட்டடத்து மாடியில் ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை நிதானமாகப் படித்தாள்.

அவளை அந்தத் துறைமுகத்தில் எல்லாரும் ரேடியோக்காரி என்றுதான் சொல்வார்கள். பதினேழு வருஷமாக அதே நாற்காலி, அதே ஜன்னல். மேஜைமேல் இரண்டு ரேடியோ. ஒன்றில் சங்கத்துப் படகுகள் பேசும். மற்றதில் கப்பல்காரர்களும் பெரிய துறைமுகத்துக் கட்டுப்பாட்டு அறையும் பேசுகிற பதினாறாம் சேனல். படகுகள் கிளம்பும்போது வந்து உட்காருவாள். கடைசிப் படகு கயிறு கட்டிய பிறகுதான் எழுந்திருப்பாள். எந்த எஞ்சின் எப்படி இருமும், எவன் நல்ல மீன்பாடு கிடைத்ததை மறைக்க அழுகிற குரலில் பேசுவான் என்பதெல்லாம் அவள் காதுக்கு அத்துப்படி.

இன்னொன்றும் அவளுக்கு மட்டும்தான் தெரியும். யார் எங்கே வலை போடுகிறார்கள் என்பது. கடலுக்கடியில் பாறையோ பள்ளமோ, எப்போதோ முழுகிய கப்பலோ கிடக்கும். அங்கேதான் மீன் ஒதுங்கும். அந்த இடத்தைக் காட்டுகிற அட்சரேகை, தீர்க்கரேகை எண்களுக்குப் பாயிண்ட் என்று பெயர். ஒருவன் தன் கல்யாணத்துக்கு முன்னால் நடந்ததைக்கூட நாலு பேரிடம் சொல்லிவிடுவான், பாயிண்டைச் சொல்ல மாட்டான். அரசாங்கம் படகுக்கு ஒன்றாக இடங்காட்டிப் பெட்டி கொடுத்திருந்தது. அதைப் போட்டால் படகு நிற்கிற இடம் போன் வைத்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். அதனால் ஒருவரும் போடுவதில்லை. சிலர் அதன்மேல் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டார்கள். ஆனால் படகு திரும்பாவிட்டால் தேடுவதற்கு யாருக்காவது தெரிய வேண்டுமே. அதற்காக, கிளம்புவதற்கு முன் ஒவ்வொரு டிரைவரும் மாடியேறி வந்து மடித்த சீட்டு ஒன்றை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போவார். அவள் நோட்டில் எழுதி, சீட்டைக் கிழித்துப் போட்டு, நோட்டை இழுப்பறையில் வைத்துப் பூட்டுவாள். சாவி இடுப்பில். பதினேழு வருஷத்தில் ஒரு எண் அவள் வாயிலிருந்து வெளியே வந்ததில்லை.

அந்தக் காகிதத்தில் இருந்தது இவ்வளவுதான்: கடலில் காற்றாலைகள் நடப்போகிறார்கள். எங்கே நடுவது என்று பார்க்க அடிமண்ணைத் துளைத்துச் சோதிக்கிறார்கள். சோதனை நடக்கிற இடம் இப்போதைய கப்பல் பாதையில் வருவதால், பாதை எட்டு மாதத்துக்கு மூன்று மைல் கரைப்பக்கமாக நகர்த்தப்படுகிறது. ‘மேற்படி பகுதியில் மீன்பிடி நடவடிக்கை ஏதும் பதிவாகவில்லை.’

பதிவாகாமல் போனது எப்படி என்று அவளுக்குத் தெரியும். நாலு மாதத்துக்கு முன் கடலோரத் திட்ட அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தாள். துறைமுகத்து ஆட்கள் அவளுக்கு மேப்பு மேடம் என்று பேர் வைத்துவிட்டார்கள். ஏலக்கூடத்தில் பாய் அளவுக்கு ஒரு வரைபடத்தை விரித்து, பென்சில்களை அடுக்கி வைத்து, “யார் யாரு எங்க பிடிக்கிறீங்கன்னு லேசா ஒரு வட்டம் போடுங்க, போதும்” என்றாள்.

ஒருவரும் கை நீட்டவில்லை.

“வெள்ளையா விட்டா அங்க யாரும் இல்லைன்னு அர்த்தமாயிடும். நீங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். ஆனா என் தலையில இருக்கறது மேப்புல ஏறாதே.”

சங்கத் தலைவர் எழுந்து கும்பிட்டார். “மேடம், வட்டம் போட்ட இடத்தைத்தான் முதல்ல எடுப்பாங்க. பக்கத்துத் துறைமுகத்துல போட்டுக் குடுத்தாங்க, கேபிள் நேரா அது வழியாத்தான் போச்சு. கடல் பூராவும் எங்களுதுன்னு எழுதிக்குங்க.”

கூடமே சிரித்தது. மேப்பு மேடம் சிரிக்கவில்லை. வெள்ளை வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போனாள். மாடியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த ரேடியோக்காரி, இழுப்பறையில் கிடந்த நோட்டை நினைத்தாள். நினைத்ததோடு சரி.

இப்போது காகிதத்தில் இருந்த எண்களை நோட்டோடு ஒத்துப் பார்த்தாள். புதிய பாதை ஐந்து பாயிண்டுகளின்மேல் போனது. ஐந்தில் ஒன்று அவள் புருஷனுடையது.

*

அவள் புருஷனுக்குத் துறைமுகத்தில் பூட்டு என்று பெயர். வாய்ப்பூட்டு என்று ஆரம்பித்தது, தேய்ந்து பூட்டாகிவிட்டது. பேசாத மனிதர் என்று அர்த்தமில்லை. எஞ்சின் எண்ணெயிலிருந்து உலக அரசியல்வரை ஓயாமல் பேசுவார். எங்கே போனீங்க என்று கேட்டால் மட்டும் வாய் மூடிக்கொள்ளும். ரேடியோவில் அவள் மற்ற படகுகளைக் கூப்பிடுவதுபோல் அவரையும் “பூட்டு, பூட்டு” என்று கூப்பிட வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்தால் வாங்க, போங்க. அவளுடைய தம்பியும் அதே படகில் வேலை பார்த்தான். தம்பி பெண்டாட்டிக்கு ஐஸ் கம்பெனியில் வேலை. இரண்டு குடும்பமும் ஒரே வீட்டில், நடுவே ஒரு சுவர். அதில் கதவு இருந்தும் சாத்துவதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் எல்லாரும் ஒன்றாகத்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள். சூடான சோறு, வறுத்த மீன். அவள் பரிமாறிக்கொண்டே சொன்னாள்.

“நாளையிலேருந்து அந்தப் பக்கம் போக வேண்டாங்க.”

“எந்தப் பக்கம்?”

“எந்தப் பக்கமா? சீட்டுல எழுதிக் குடுக்கறீங்களே, அந்தப் பக்கம். கப்பலை அது வழியாத் திருப்பி விட்டிருக்காங்க.”

பூட்டு முள்ளை ஒதுக்கினார். “கடல்ல கோடு போடறதுக்கு அது என்ன வீட்டு மனையா? அவன் போட்டா போட்டதுதானா?”

“கோட்டுக்கு நான் பயப்படல. கோட்டு மேல இரும்பு வருதே, அதுக்குத்தான் பயப்படறேன். இருநூறு மீட்டர் நீளம். நிறுத்தணும்னு நினைச்சா நிக்க ரெண்டு மைல் ஆகும்.”

“எனக்குக் கண்ணு இருக்குடி.”

“மரப் படகு. ராடாருல அலையோட அலையாத்தான் தெரியும். அந்தப் பெட்டியையாவது போட்டு வைங்க.”

“போட்டா நான் நிக்கற இடத்துல மறுநாள் நாப்பது படகு நிக்கும். அப்புறம் கப்பல் எதுக்கு, அவனுங்களே என்னை இடிச்சிடுவானுங்க.”

தம்பி சிரித்துவிட்டான். “அக்கா, மாமா அந்தப் பெட்டி மேல துணியைப் போர்த்தி வச்சிருக்காரு. அதுக்குக் குளிருமாம்.”

“நீ சிரி. உன் பொண்டாட்டி சிரிக்கிறாளான்னு பாரு.”

தம்பி பெண்டாட்டி சிரிக்கவில்லை. “வேற எடத்துல போடக் கூடாதா அண்ணே?” என்று மட்டும் கேட்டாள்.

“வேற எடம்னா எங்க? தெற்க மண்ணு தோண்டற கப்பல் நிக்குது. வடக்க கேபிள் போட்டுட்டாங்க, நங்கூரம் போடக் கூடாதாம். வெளிய காத்தாடி நடறான். ஆளாளுக்கு ஒரு மூலையை எடுத்துக்கிட்டா நாம எங்கதான் நிக்கறது? இருக்கறது அந்த ஒரு எடம்தான்.” சொல்லிவிட்டு அவர் கையைக் கழுவப் போனார். குரலில் கோபம் இருந்தது. கோபத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க அவளுக்கு ரேடியோ தேவைப்படவில்லை. அவருக்கும் பயம்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அவளுக்கு ஒரு யுகமாகப் போனது. பதினாறாம் சேனலில் கப்பல் பெயர் கேட்டாலே ஒலியைக் கூட்டி வைத்துக்கொள்வாள். சாப்பாட்டுப் பெட்டி திறக்காமலே வீட்டுக்குத் திரும்பி வரும். “எனக்கென்னமோ நாப்பது நாளும் காத்துக்கிட்டிருந்து ஒரு நாள் அசந்தா நடந்துடும்னு தோணுது” என்று ஒருநாள் தம்பி பெண்டாட்டியிடம் சொன்னாள்.

*

அசரவில்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோதுதான் நடந்தது.

காலை ஒன்பது மணிக்குக் கடல் கண்ணாடியாக இருந்தது. காற்றே இல்லை. ஒன்பதரைக்குத் தொடுவானம் மங்கியது. பத்து மணிக்கு ஜன்னலுக்கு வெளியே ஏலக்கூடத்துக் கூரை தெரியவில்லை. மூடுபனி படிகளில் ஏறி அறைக்குள்ளேயே வந்துவிடும்போல் இருந்தது. பதின்மூன்று படகுகள் வெளியே.

தம்பி பெண்டாட்டி ஐஸ் கம்பெனி ரப்பர் பூட்ஸோடு ஓடி வந்தாள். “அண்ணி, எங்க வாசல்ல நிக்கற லாரியே தெரியல. அவங்ககிட்ட பேசினீங்களா?”

“உட்காரு. பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்.”

ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டாள். எல்லாரும் பதில் சொன்னார்கள். வலை கீழே கிடக்கிறது, எடுக்க ஒரு மணி நேரம் ஆகும், பனி விலகட்டும் என்றார்கள். கடைசியாக, “பூட்டு, பூட்டு, கேக்குதா?”

“கேக்குது.”

“இடம் மாறலையே?”

“மாறலை.”

அப்போதுதான் மற்ற ரேடியோவில் அந்தக் குரல் வந்தது. ஏதோ தேசத்துக் கேப்டன்; நிதானமான, தூக்கக் கலக்கமான குரல். சரக்கேற்றிக்கொண்டு துறைமுகத்தை விட்டு வெளியே வருகிறேன், புதிய பாதையில் நுழைகிறேன் என்றான். கட்டுப்பாட்டு அறைக்காரர், பாதையில் யாரும் இல்லை, போகலாம் என்றார்.

அவள் மைக்கை எடுத்தாள். “கட்டுப்பாட்டு அறை, பாதையில படகு இருக்கு. மரப் படகுங்க. வலை போட்டு நிக்கறாங்க.”

“எத்தனை?”

“அஞ்சு இருக்கும்.”

“எங்க திரையில ஒண்ணும் காட்டலையே. அந்த ஏரியாவுல மீன்பிடியே கிடையாதுன்னு போட்டிருக்கு. எந்த இடம்னு சொல்லுங்க.”

அவள் நோட்டைப் பார்த்தாள். நோட்டு மேஜைமேல்தான் திறந்து கிடந்தது. பதினாறாம் சேனலில் சொன்னால் கடலில் இருக்கிற அத்தனை பேரும் கேட்பார்கள். பக்கத்துத் துறைமுகத்துப் படகுகள், மண் தோண்டுகிற கப்பல், காற்றாலைக் கம்பெனிக்காரர்கள், எல்லாரும். எழுதிக்கொள்வார்கள். பதின்மூன்று குடும்பத்தின் சோறு அந்தப் பக்கத்தில் இருந்தது.

“அம்மா, எந்த இடம்? கப்பல் பன்னிரண்டு மைல் வேகத்துல போய்க்கிட்டிருக்கு.”

“அண்ணி!” என்றாள் தம்பி பெண்டாட்டி.

ரேடியோக்காரி படிக்க ஆரம்பித்தாள். முதல் படகு, எண்கள். இரண்டாவது படகு, எண்கள். நீரோட்டம் பனியில் யாரை எங்கே இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று தெரியாததால் ஐந்தோடு நிறுத்தவில்லை, பதின்மூன்றையும் படித்தாள். தன் குரல் யாருடையதோபோல அவளுக்கே கேட்டது. ஏழாவதைப் படிக்கும்போது படியில் தடதடவென்று சத்தம். கீழே அலுவலகத்து ரேடியோவில் கேட்டுவிட்டுத் தலைவர் மூச்சிரைக்க வந்து நின்றார்.

“என்னம்மா காரியம் பண்றே! வாயை மூடு!”

அவள் எட்டாவதைப் படித்தாள். அவர் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார். தம்பி பெண்டாட்டி குறுக்கே வந்து நின்றாள். ஐஸ் கட்டி தூக்கித் தூக்கி உரமேறிய தோள்கள். “தொட்டீங்கன்னா பாருங்க தலைவரே” என்றாள். அவர் தொடவில்லை.

பதின்மூன்றும் முடிந்தது. கட்டுப்பாட்டு அறைக்காரர், “குறிச்சுட்டேன். அஞ்சு படகு வழியில இருக்கு. நாலு கரைப்பக்கம், ஒண்ணு வெளிப்பக்கம். நடுவுல ஒரு இடைவெளி தெரியுது. கப்பல் இனிமே நிக்காது, அந்த நடுவுல விட்டாத்தான் உண்டு. நல்லாப் பார்த்துச் சொல்லுங்கம்மா, நடுவுல ஒரு மைல் இருக்கா?”

வெளிப்பக்கம் ஒற்றையாக நின்றது பூட்டு. அவள் விரலை வைத்து அளந்தாள். திரும்ப அளந்தாள். “இருக்கு. ஒரு மைலுக்குக் குறையாது. நடுவுல விடுங்க.”

கேப்டன் அதைத் திருப்பிச் சொன்னான். வேகத்தைக் குறைப்பதாகச் சொன்னான். அவள் சங்கத்து மைக்கில் படகுகளைக் கூப்பிட்டு, “கப்பல் வருது, யாரும் நகராதீங்க, இருக்கற இடத்துலயே இருங்க” என்றாள். பிறகு, “பூட்டு, உங்களுக்குக் கரைப்பக்கமா அரை மைல் தள்ளிப் போகும். அசையாம இருங்க. கேட்டுச்சா?”

பதில் வர நேரமானது.

“கேட்டுச்சா?”

“...சரி” என்றார்.

இரண்டு நிமிஷம் போயிருக்கும். அல்லது மூன்று. ரேடியோவில் கப்பலின் ஊதல் கேட்டது. அது பதினாறாம் சேனலில் கேட்கவில்லை. சங்கத்து ரேடியோவில், அவர் திறந்து வைத்திருந்த மைக் வழியாகக் கேட்டது. அவ்வளவு பக்கத்தில். அதன்மேல் அவர் குரல்: “மேல வருது! நேரா மேல வருதுடி! வலையை வெட்டுடா! வெட்டுடா!” தம்பி எதையோ கத்தினான். எஞ்சின் அலறியது. பிறகு மரம் முறிகிற மாதிரி ஒரு சத்தம்.

அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

“பூட்டு. பூட்டு. பூட்டு, கேக்குதா?”

நாற்பது நிமிஷம் அவள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிஷத்தில் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். தம்பி பெண்டாட்டி தரையில் உட்கார்ந்து, ஈரப் பூட்ஸைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள். மற்ற படகுகள் ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தன. அழுதால் மைக்கில் குரல் சரியாகப் போகாது என்று ரேடியோக்காரி அழவில்லை. நான்தான் சொன்னேன், அளந்துதான் சொன்னேன், அந்தப் படுபாவி கேப்டன் திருப்பிவிட்டான் என்று மனசு திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. தன் குரலாலேயே அவர்களைக் கொன்றுவிட்டோமோ என்ற நினைப்பு ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தது. அதை உள்ளே விடாமல் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

பதினொன்றே காலுக்கு வேறொரு படகின் குரல் வந்தது. “அக்கா, உங்க ஆளுங்களைக் கண்டுட்டேன். படகு மிதக்குது. கம்பம் முறிஞ்சு ஏரியல் போயிடுச்சு, அதான் பேச முடியல. மாமா நல்லா இருக்காரு. தம்பிக்குத்தான் தோள்ல அடி. கட்டி இழுத்துக்கிட்டு வர்றேன்.”

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தம்பி பெண்டாட்டியின் ஈரத் தலையைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

*

தம்பிக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது. வலை மொத்தமும் போய்விட்டது. உயிர் மிஞ்சியதே என்று அக்கம்பக்கத்தார் வந்து சொன்னார்கள். ஆனால் இரண்டாம் நாளே பேச்சு மாறியது. பக்கத்துத் துறைமுகத்துப் படகுகள், அவள் படித்த எண்களை வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்பே அங்கே போய் நின்றன.

“இருபது வருஷமா நான் பொத்தி வச்சது. ஒரு நிமிஷத்துல ஊருக்குப் படிச்சுக் காட்டிட்டியேம்மா” என்று ஒற்றைக்கை என்கிற கிழட்டு டிரைவர் படியில் நின்று சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அவருக்குச் சின்ன வயதில் வலை இழுக்கிற கப்பியில் சிக்கி ஒரு கை மணிக்கட்டோடு போயிருந்தது; அந்தக் கையைத் தூக்கிக் கும்பிடுவதுபோல் காட்டிவிட்டு இறங்கிப் போனார். சீட்டு கொடுப்பதைப் பாதிப் பேர் நிறுத்திவிட்டார்கள். யார் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாமல் ரேடியோ முன்னால் உட்கார்ந்திருப்பது, தெரிந்து பயப்படுவதைவிடப் பயங்கரமாக இருந்தது.

தலைவர் கேப்டன்மேல் புகார் எழுதினார். சொன்ன வழியில் போகாமல் படகின்மேல் விட்டான் என்று. அவள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். கட்டுப்பாட்டு அறைக்காரர் போனில் கூப்பிட்டு, “அம்மா, கப்பல் சரியா நடுவுலதான் போச்சு. ரெக்கார்டு இருக்கு. நான் பார்த்தேன்” என்றார். “உங்க ரெக்கார்டைக் கொண்டு போய் உப்பு போட்டு வைங்க. முறிஞ்சு கிடக்கறது எங்க தம்பி தோளு” என்று கத்திவிட்டுப் போனை வைத்தாள்.

பூட்டு அந்த நாட்களில் ஒன்றுமே பேசவில்லை. அரசியல்கூடப் பேசவில்லை. பயந்துவிட்டார் என்று அவள் நினைத்தாள். “அந்தக் கேப்டனோட சீட்டையே கிழிச்சிடுவாங்க பாரு, இனிமே தோணிகூட ஓட்ட முடியாது” என்று தலைவர் ஒருநாள் வாசலில் நின்று சிரித்துக்கொண்டே சொன்னபோது, பூட்டு சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

மூன்று வாரம் கழித்து மேப்பு மேடம் மறுபடி வந்தாள். இந்தத் தடவை வரைபடம் வெள்ளையாக இல்லை. பதினாறாம் சேனலில் பேசுவதெல்லாம் பதிவாகும். அதைக் கேட்டு எழுதி, பதின்மூன்று சிவப்புப் புள்ளி வைத்திருந்தாள். ஏலக்கூடம் நிரம்பியிருந்தது. ரேடியோக்காரி கடைசி வரிசையில், தம்பியின் கட்டுப்போட்ட தோளுக்குப் பக்கத்தில் நின்றாள்.

“இந்த இடங்கள் சரின்னு நீங்க ஒப்புக்கிட்டா பாதையைத் திரும்ப வெளிய தள்ளச் சொல்லி எழுதலாம். எழுதிட்டா மாத்த முடியாது. அதனால கேக்கறேன். இதெல்லாம் சரியா?”

எல்லாருடைய முதுகும் அவளைத்தான் பார்ப்பதுபோல் இருந்தது.

பூட்டு எழுந்து போனார். எல்லார் முன்னாலும் மேஜைமேல் குனிந்து பார்த்தார். பென்சிலை எடுத்துத் தன் புள்ளியை அடித்தார். கரைப்பக்கமாக நகர்த்தி இன்னொரு புள்ளி வைத்தார்.

“இங்க” என்றார்.

மேப்பு மேடம் அளவுகோலை வைத்தாள். “இது அரை மைல் உள்ள தள்ளி இருக்கே.”

“ஆமா.”

“அன்னிக்கு மட்டுமா?”

“எப்பவும் இங்கதான். சீட்டுல மாத்திக் குடுப்பேன். எட்டு வருஷமா.” பென்சிலைக் கீழே வைத்தார். “கப்பல்காரன் மேல தப்பில்லைங்க. நடுவுலதான் வந்தான். நடுவுல நான் நின்னேன்.”

ரேடியோக்காரி தம்பியின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டாள். அளந்து, திரும்ப அளந்து, நடுவுல விடுங்க என்று சொன்னது அவள் வாய். அசையாம இருங்க என்றது அவள் வாய். அந்த ‘சரி’க்கு முன்னால் இருந்த மௌனம் இப்போது அவளுக்குப் புரிந்தது. பன்னிரண்டு படகு கேட்டுக்கொண்டிருக்கிற சேனலில் தன் இடத்தைச் சொல்வதா, இரும்பு வரட்டும் என்று நிற்பதா என்று அவர் யோசித்திருக்கிறார். படகில் தம்பியை வைத்துக்கொண்டு யோசித்திருக்கிறார்.

ஒற்றைக்கை மெல்ல எழுந்தார். “என்னுதும் கொஞ்சம் தள்ளிதான்” என்றார். பென்சிலை வாங்கி அடித்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். யாரோ ஒருவர் சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார். அரை மணி நேரத்தில் பதின்மூன்று புள்ளிகளில் ஒன்பது இடம் மாறியிருந்தன. ஒன்று ஏழு மைல் மாறியிருந்தது. பக்கத்துத் துறைமுகத்துக்காரர்கள் மூன்று வாரமாகப் பெரும்பாலும் வெறுங்கடலில் வலை விட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது.

ரேடியோக்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. பதினேழு வருஷமாக இடுப்பில் சாவியோடு அவள் காவல் காத்தது ஒன்பது பொய். அந்த ஒன்பதில் மற்ற எட்டுப் படகு அன்றைக்குத் தப்பித்தது அவள் குரலால் அல்ல. சும்மா தப்பித்திருக்கிறது.

*

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் கேட்டாள்.

“ஊருக்கு மறைச்சீங்க, சரி. என்கிட்ட ஏன்?”

அவர் செருப்பை ஓரமாக நகர்த்தி வைத்தார். “பழக்கம்” என்றார்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு வீட்டுக்கும் நடுவே இருந்த கதவையும் சேர்த்துத்தான்.

பிறகு நடந்ததைச் சொல்வதானால், கப்பல் பாதையை ஐந்து வாரத்தில் வெளியே தள்ளினார்கள். கேப்டன்மேல் கொடுத்த புகாரைத் தலைவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்ப வாங்கினார். மேப்பு மேடம் எவ்வளவோ வாதாடியும் இரண்டு பாயிண்டுகளைக் காற்றாலைக் கேபிளுக்கு எடுத்துக்கொண்டார்கள். அதில் ஒன்று ஒற்றைக்கையுடையது, இந்தத் தடவை நிஜமான இடம். அவர் அதற்குப் பிறகு கடலுக்குப் போகவில்லை. இடங்காட்டிப் பெட்டியை ஆறு படகு போட ஆரம்பித்தது. ஏழு போடவில்லை.

தம்பி தோள் சரியாகி வேலைக்குத் திரும்பிய முதல் நாள் காலை, மறுபடி லேசாகப் பனி இருந்தது. பூட்டு மாடியேறி வரவில்லை, சீட்டும் கொடுக்கவில்லை. வெளியே போனதும் ரேடியோவில் கூப்பிட்டார். எல்லாரும் கேட்க, ஒவ்வொரு எண்ணாக, தெளிவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, “எழுதிட்டியா?” என்று கேட்டார்.

பேனா அவள் கையில்தான் இருந்தது. எழுதவில்லை.

“தம்பிகிட்ட மைக்கைக் குடுங்க” என்றாள்.

மைக் கைமாறுகிற சத்தம் கேட்டது.

“என்னக்கா?”

“கேபினுக்குள்ள வா. ஜி.பி.எஸ். திரையில இருக்கற நம்பரை நீ படி.”

“மாமா இப்பத்தானே சொன்னாரு?”

“நீ படிடா.”

தம்பி எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைபோல ஒவ்வொன்றாகப் படித்தான். பூட்டு சொன்ன அதே எண்கள். அவள் எழுதி, அடியில் கோடு போட்டாள். அதற்குள் அடுத்த படகு கூப்பிட்டது. அது தன் எண்களைச் சொல்லி முடித்ததும், அவள் அந்த டிரைவரிடமும், உங்க கூட இருக்கற ஆளைக் கூப்பிடுங்க என்றாள்.